தலையா, நெஞ்சா? - ஒரு பொட்டி தட்டுறவனின் டேமேஜ் கணக்கு

111 பெருசா, 27 பெருசா?

"இதென்னய்யா கேள்வி, ஒண்ணாங்கிளாஸ் புள்ளை கூட சொல்லுமே"ன்னு நீங்க முணுமுணுக்கறது இங்க வரைக்கும் கேக்குது. ஆனா மக்களே, இந்தக் கேள்விக்குப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். அதைத்தான் இன்னிக்கு விலாவாரியா ஜல்லியடிக்கப் போறேன். துப்பாக்கி கேம் பக்கமே தலைவெச்சுப் படுக்காத அண்ணாச்சிகள், அக்காக்கள் எல்லாம் ஓடிடாதீங்க. கூட்டல், பெருக்கல் தெரிஞ்சா போதும். உங்க வீட்டுப் பையன் ராத்திரி ஒரு மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு "தலை, தலை, தலையைப் பாத்து அடிடா"ன்னு கத்துறானே, அது ஏன்னாவது புரியும்.

விஷயம் இதுதான். கவுண்டர் ஸ்ட்ரைக்னு ஒரு கேம். 1998-ல வந்த ஹாஃப் லைஃப் கேமோட முதுகுல ஏறி, 1999-ல மின் லே, ஜெஸ் கிளிஃப்னு ரெண்டு பேர் பொழுதுபோக்கா செஞ்ச மாற்றம். 2000-ல வால்வ் கம்பெனியே அதை எடுத்து கடைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் 1.6, சோர்ஸ், 2012-ல சிஎஸ் கோ, 2023-ல சிஎஸ் 2-ன்னு பேர் மாறிக்கிட்டே இருக்கு. அஞ்சு பேர் இந்தப் பக்கம், அஞ்சு பேர் அந்தப் பக்கம். ஒவ்வொருத்தனுக்கும் 100 உயிர்ப்புள்ளி. அது பூஜ்யமானா அந்த ரவுண்டு முடியற வரைக்கும் கன்னத்துல கை வெச்சுக்கிட்டு வேடிக்கை பாக்க வேண்டியதுதான்.

இதுல ஏகே-47 துப்பாக்கியோட அடிப்படை டேமேஜ் 36. தலையில பட்டா நாலு மடங்கு. நெஞ்சு, கைன்னா ஒரு மடங்கு. வயித்துல பட்டா 1.25 மடங்கு. கால்ல முக்கால் மடங்கு. எதிரி கவசமும் ஹெல்மெட்டும் போட்டிருந்தா ஏகே புல்லட்ல 77.5 சதவீதம்தான் உள்ள போகும். கவசம் காலுக்குக் கிடையாது. ஆக, கிட்டத்துல இருந்து சுட்டா கணக்கு இப்படி வருது: தலைக்கு 36 × 4 × 0.775 = 111. நெஞ்சுக்கு 36 × 0.775 = 27. வயித்துக்கு 34. காலுக்கு 27. தூரம் கூடக் கூட இது கொஞ்சம் கொஞ்சமா குறையும், அதை இப்போதைக்கு விட்டுடுவோம்.

அதாவது தலையில ஒண்ணு போட்டா ஆள் அவுட். நெஞ்சுல நாலு போடணும் (27 × 4 = 108). ஒண்ணா, நாலா? இதைப் பாத்துட்டுதான் ஊரே "தலையைப் பாத்து அடி"ங்குது.

இங்கதான் நம்ம பஞ்சாயத்து ஆரம்பிக்குது. அந்த 111 புல்லட் பட்டதுக்கு அப்புறம் வர்ற நம்பர். படாம போன புல்லட்டை யாரும் கணக்குல எழுதறதே இல்ல. பட்ட புல்லட்டுக்கு மட்டும் சராசரி எடுத்தா, கை எட்டாத மாங்கா எல்லாம் இனிப்பாத்தான் தெரியும். நமக்கு வேண்டிய சராசரி, சுட்ட ஒவ்வொரு புல்லட்டுக்கும். காத்துல போன புல்லட்டுக்கு பூஜ்யம்னு எழுதிட்டுத்தான் வகுக்கணும்.

கொஞ்சம் பின்னாடி போய்ட்டு வருவோம், ஏன்னா இந்த நாலு மடங்கு ஏதோ ஆகாசத்துல இருந்து வந்த விதி இல்ல. 1993-ல வந்த டூம் கேம்ல மேல கீழ குறி பாக்கற வேலையே கிடையாது. நேரா நின்னு சுட்டா எதிரி மாடியில இருந்தாலும் கேமே புல்லட்டைத் தூக்கிவிடும். பிஸ்டல் புல்லட் ஒண்ணு பட்டா 5, 10, 15, இதுல ஏதோ ஒண்ணு. கேம் உள்ளுக்குள்ள தாயம் உருட்டிப் பாத்துச் சொல்லும். சராசரி 10. உங்க கை எவ்வளவு சுத்தமா இருந்தாலும் ஒரு புல்லட் பட்டதுக்கான சராசரி 10-தான். 1999-ல வந்த க்வேக் 3-ல தாயம் இல்ல, ஆனா தலையும் இல்ல. ரெயில்கன் குண்டு தலையில பட்டாலும் 100, பாதத்துல பட்டாலும் 100. அங்க குறிங்கறது பட்டுச்சா படலியா மட்டும்தான்.

கவுண்டர் ஸ்ட்ரைக் என்ன பண்ணுச்சுன்னா, தாயத்தைப் புடுங்கி நம்ம மவுஸ் கையில குடுத்துடுச்சு. 27 விழணுமா, 111 விழணுமான்னு முடிவு பண்றது இப்போ உங்க மணிக்கட்டு. அதனாலதான் இந்த கேம்ல சராசரி டேமேஜ்ங்கறது துப்பாக்கியோட குணம் மட்டும் இல்ல, துப்பாக்கியும் ஆளும் சேர்ந்த குணம். ஒரே ஏகே, உங்க கையில ஒரு துப்பாக்கி, என் கையில வேற துப்பாக்கி.

சரி, ஒரு உதாரணம். கை நல்லா நிக்கற ஆள் ஒருத்தர்னு வெச்சுக்குவோம். தலையைக் குறி பாத்து 100 புல்லட் தனித்தனியா சுடறார். 30 தலையில, 20 சறுக்கி உடம்புல, 50 காத்துல. மொத்தம் 30 × 111 + 20 × 27 = 3870. ஒரு புல்லட்டுக்கு சராசரி 38.7. அதே ஆள் நெஞ்சைக் குறி பாத்து 100 சுடறார். 80 உடம்புல, 5 எகிறி தலையில, 15 காத்துல. 80 × 27 + 5 × 111 = 2715. சராசரி 27.15. பாதி புல்லட்டை வீணடிச்சும் தலைதான் ஜெயிக்குது. இவருக்கு ஊர் சொல்ற புத்திமதி சரி.

இப்ப நான் சொல்ல வந்த ஆளுக்கு வர்றேன்.

2018. காலேஜ் மூணாம் வருஷம். ஹாஸ்டல்ல எங்க விங்ல ஒருத்தன். கை நடுங்கும். டம்ளர்ல தண்ணி மொண்டு வந்தா பாதி வராண்டாவுலதான் இருக்கும். அவங்கப்பாவுக்கும் அப்படித்தானாம். டாக்டர் எசென்ஷியல் ட்ரெமர்னு பேர் சொல்லி, பெருசா பயப்பட ஒண்ணுமில்ல, பரம்பரையா வர்றது, டென்ஷன் ஆனா கூடும்னு சொல்லியிருக்கார். ஹாஸ்டல் சும்மா விடுமா? செல்ஃபோனை சைலண்ட்ல போட்டா நடுங்கும் இல்லையா, அதனால அவன் பேர் "சைலண்ட்டு". அவனும் அதுக்குத் திரும்பிப் பாப்பான். நாலு வருஷத்துல அவன் நிஜப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அட்டெண்டன்ஸ் எடுக்கற வாத்தியார்கள் மட்டும்தான்.

சைலண்ட்டுக்கு சிஎஸ்னா உசுரு. மேப் மொத்தமும் தலைகீழா தெரியும். எந்த மூலையில எவன் எப்ப வருவான்னு செவுத்துக்கு அந்தப் பக்கம் பாக்கறவன் மாதிரி சொல்லுவான். காலேஜ் ஃபெஸ்ட்ல லேன் கேமிங் போட்டி வந்தது. எங்க விங்ல இருந்து அஞ்சு பேர் வேணும். நாலு பேர் முடிவாயிடுச்சு. அஞ்சாவது இவனா, பக்கத்து விங்ல இருந்து ஒருத்தனான்னு பேச்சு.

கேப்டன் என்கிட்ட ஸ்கோர் ஷீட்டைக் காட்டினான். "மச்சி, பாவம்தான். ஆனா ஹெட்ஷாட் பர்சென்டைப் பாரு. எத்தனை தடவை சொல்லிட்டேன் தலையைப் பாத்து அடிடான்னு. அடிக்கத்தான் பாக்கறான், விழ மாட்டேங்குதே."

இதைச் சொல்லும்போது சைலண்ட்டு கதவுகிட்டதான் நின்னுக்கிட்டிருந்தான். ஒண்ணும் சொல்லல. கையை மட்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டான்.

அன்னிக்கு ராத்திரி நானும் அவனும் அவன் லேப்டாப் முன்னாடி உக்காந்தோம். சிஎஸ்-ல பாட்களை நகராம நிக்க வைக்கற ஒரு கமாண்ட் உண்டு. நடுத்தர தூரத்துல கவசம் போட்ட பாட்டை நிறுத்தியாச்சு. ஒவ்வொரு தடவையும் க்ராஸ்ஹேரை செவுத்துக்குக் கொண்டுபோயிட்டு, திரும்ப சட்டுன்னு இழுத்து, ஒரே ஒரு புல்லட். முதல் நூறு தலையைக் குறி பாத்து. அடுத்த நூறு நெஞ்சைக் குறி பாத்து. நான் பக்கத்துல உக்காந்து தெர்மோடைனமிக்ஸ் நோட்டோட கடைசிப் பக்கத்துல கோடு போட்டேன். அந்தப் பக்கம் இன்னும் என்கிட்ட இருக்கு.

தலையைக் குறி பாத்தப்போ: தலையில 11, உடம்புல 28, காத்துல 61.
நெஞ்சைக் குறி பாத்தப்போ: தலையில 6, உடம்புல 66, காத்துல 28.

வயித்துல பட்டதையும் எளிமைக்காக 27-ன்னே வெச்சுக்கிட்டேன். தலைக்கு: 11 × 111 + 28 × 27 = 1977. சராசரி 19.8. நெஞ்சுக்கு: 6 × 111 + 66 × 27 = 2448. சராசரி 24.5.

புரியுதுங்களா? "தலையைப் பாத்து அடி"ங்கற புத்திமதி அவனோட ஒவ்வொரு புல்லட்ல இருந்தும் கிட்டத்தட்ட அஞ்சு புள்ளியைப் புடுங்கிக்கிட்டு இருந்திருக்கு. ஏகே ஒரு செகண்டுக்கு பத்து புல்லட் துப்பும். தினமும் மூணு மணி நேரம் ஆடறவனுக்கு அது எவ்வளவு நஷ்டம்னு நீங்களே பெருக்கிக்கோங்க.

ஏன் இப்படி? காரணம் ரொம்ப சாதாரணம். தலைக்கு மூணு பக்கமும் காத்து. இடது பக்கம் சறுக்கினா காத்து, வலது பக்கம் சறுக்கினா காத்து, மேல போனா காத்து. கீழ சறுக்கினா மட்டும் உடம்பு. நெஞ்சு அப்படி இல்ல. இடது வலதுல கை இருக்கு, கீழ வயிறு, மேல தலை. நெஞ்சைக் குறி பாத்துத் தவறினா பக்கத்து வீட்டு அட்ரஸுக்காவது போய்ச் சேரும். சின்ன வயசுல தோப்புல மாங்கா அடிச்சவங்களுக்கு இது தெரியும். கை சுத்தமானவன் உச்சாணியில இருக்கற ஒத்தை மாங்காயைக் குறி வைப்பான். மத்தவன் கொத்தைப் பாத்து எறிவான். எதுலயாவது பட்டு ஒண்ணாவது விழும். கொத்தைப் பாத்து எறியறவனை யாரும் முட்டாள்னு சொல்றதில்ல.

இதை நான் மட்டும் சொல்லல. டார்ட்ஸ் ஆட்டம் தெரியும் இல்லையா, வட்டப் பலகையில அம்பு எறியறது. அதுல அதிகப் புள்ளி ட்ரிபிள் 20, அதாவது 60. டிவியில ஆடறவங்க எல்லாம் அதைத்தான் குறி வைப்பாங்க. ஆனா 20-க்கு ரெண்டு பக்கமும் 1, 5-ன்னு சில்லறை உக்காந்திருக்கு. 2011-ல டிப்ஷிரானி, ப்ரைஸ், டெய்லர்னு மூணு பேர் இதைப் புள்ளியியல் ஆராய்ச்சியாவே பண்ணினாங்க. எறியற அம்புகளோட சிதறல் சுமார் 16.4 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா ட்ரிபிள் 20 சரி. அதுக்கு மேல போனா 19 பக்கம் போறதுதான் லாபம். இன்னும் சிதறினா குறி நகர்ந்து நகர்ந்து பலகையோட நடுவுக்கே வந்துடும். அதாவது எங்க குறி வைக்கணும்ங்கறதை பலகை மட்டும் முடிவு பண்றதில்ல. உங்க கை எவ்வளவு சிதறுதுங்கறதும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது.

ஏகே-க்கும் அதேதான். கை ரொம்ப சுத்தமா, நேரா நெத்தி. கொஞ்சம் சிதறுதா, கழுத்து. ஏன்னா மேல சறுக்கினா தலை, கீழ சறுக்கினா நெஞ்சு. இன்னும் சிதறுதா, நெஞ்சு. தூரமும் இதுல சேரும். கிட்டக்க நிக்கறவன் தலை திரையில பெருசா தெரியும், தூரத்துல நிக்கறவன் தலை கடுகு. கிட்டத்துல தலைக்கு லாயக்கான கை, தூரத்துல நெஞ்சுக்குத்தான் லாயக்கா இருக்கும்.

நோட்டை வெச்சு ஒரு குறுக்குவழி சொல்றேன், எழுதி வெச்சுக்கோங்க. 111-ஐ 27-ஆல வகுத்தா 4-க்குக் கொஞ்சம் மேல. ஆகவே, குறியை நெஞ்சுல இருந்து தலைக்கு மாத்தும்போது கூடுதலா கிடைக்கற ஒவ்வொரு தலைக்கும் நாலு உடம்பு வரைக்கும் இழக்கலாம். அதுக்கு மேல இழந்தா நஷ்டம். முதல் உதாரண ஆள்: 25 தலை கூடுதல், 60 உடம்பு இழப்பு. நூறு வரைக்கும் இழக்கலாம், அறுபதுதான் போச்சு, லாபம். சைலண்ட்டு: 5 தலை கூடுதல், 38 உடம்பு இழப்பு. இருபது வரைக்கும்தான் தாங்கும். நஷ்டம்.

பெருக்கம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அதுதான் உங்க பேர நம்பர். வேலோரன்ட்ல வேண்டல் துப்பாக்கி தலைக்கு 160, உடம்புக்கு 40. அங்கயும் நாலுதான். 2007-ல வந்த கால் ஆஃப் டூட்டி 4-ல பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு தலைப் பெருக்கம் 1.4-தான். அங்க ஒரு தலைக்காக ரெண்டு உடம்பை இழந்தாலே நஷ்டக் கணக்கு. அதனாலதான் ரெண்டு கேம் ஆடறவங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து "உனக்கு ஆடத் தெரியல"ன்னு சண்டை போட்டுக்கறாங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க கேமுக்கு சரியாத்தான் ஆடறாங்க.

இதோட நிறுத்திட்டா அரைக்கிணறுதான். ஏன்னா கேப்டன் அடுத்த நாள் காலையில நோட்டைப் பாத்துட்டு ஒரு நல்ல கேள்வி கேட்டான். "சராசரி சரி மச்சி. எதிர்ல நிக்கறவன் உன் சராசரி வர்ற வரைக்கும் சும்மா நிப்பானா?"

நியாயம்தானே? சராசரி டேமேஜை யாரும் சாப்பிட முடியாது. எதிரி விழணும். எம்4ஏ4-ன்னு இன்னொரு துப்பாக்கி இருக்கு. ஹெல்மெட் போட்டவன் தலையில பட்டா கிட்டத்துலயே 92. ஏகே-க்கு 111. சதவீதத்துல பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா 111-ல எதிரி அவுட், 92-ல எதிரி எட்டுப் புள்ளியோட திரும்பி நின்னு உங்களைச் சுடுவான். நூறுங்கற கோட்டைத் தாண்டுச்சா இல்லையாங்கறதுதான் கேள்வி.

அதனால கணக்கை மாத்திப் போட்டேன். சைலண்ட்டுக்கு எத்தனை புல்லட் சுட நேரம் கிடைக்குது, அதுக்குள்ள எதிரி விழ எவ்வளவு வாய்ப்பு? ஒரு புல்லட் இன்னொரு புல்லட்டைப் பாதிக்காதுன்னு வெச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு இது.

ஒரே புல்லட்டுக்குத்தான் நேரம்னா: தலையைக் குறி வெச்சா 11 சதவீதம், நெஞ்சுன்னா 6.
மூணு புல்லட்டுக்கு நேரம் கிடைச்சா: தலை 29.5, நெஞ்சு 17.
நாலுன்னா: தலை 38, நெஞ்சு 41.
அஞ்சுன்னா: தலை 46, நெஞ்சு 66.

இந்த நாலு வரியை எழுதி முடிச்சப்போ கேன்டீன்ல டீ ஆறிப்போயிருந்தது. மூணு புல்லட் வரைக்கும் தலைதான் மேல். சராசரி குறைவா இருந்தும்! நாலாவது புல்லட்ல ஆட்டம் தலைகீழா மாறுது. அஞ்சுல நெஞ்சு எங்கயோ போயிடுது. அப்போ கேள்வி தலையா நெஞ்சாங்கறது கூட இல்ல. இவனுக்கு அஞ்சு புல்லட் சுட நேரம் கிடைக்கற இடம் மேப்ல எங்க இருக்குங்கறதுதான்.

அந்த இடம் யாருக்குத் தெரியும்? மேப்பைத் தலைகீழா தெரிஞ்ச சைலண்ட்டுக்கே தெரியும். அதுவரைக்கும் அவனை முதல் ஆளா உள்ள ஓட விட்டுக்கிட்டு இருந்தாங்க. முதல் ஆளா போறவனுக்கு ஒரு புல்லட், மிஞ்சிப்போனா ரெண்டு. நேருக்கு நேர் வேகப் போட்டி அது. அதுக்குப் பதிலா பெட்டி மறைவுல ஒரு ஓரமா நின்னா, எதிரி வேற பக்கம் பாத்துக்கிட்டே வருவான். அவன் திரும்பறதுக்குள்ள அஞ்சு புல்லட் தாராளமா போகும். சேர்த்து அழுத்தினா ஏகே மேல் நோக்கி எகிறும்ங்கறது இன்னொரு வசதி. நெஞ்சுல ஆரம்பிச்சா அடுத்த ரெண்டு மூணு புல்லட் தானா கழுத்து, தலைன்னு ஏறும்.

கேப்டன் நோட்டை ரெண்டு தடவை பாத்தான். நம்பிக்கையில்லாம ரெண்டு கூட்டலைத் தானே போட்டுப் பாத்தான். அப்புறம் "சரி, பி சைட்ல நிக்கட்டும்"னான். அவ்வளவுதான்.

நான் போய் சைலண்ட்டுகிட்ட சொன்னேன். அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அப்ப நான் நெஞ்சுலயே அடிக்கலாமாடா?"

ஏதோ பர்மிஷன் கேக்கற மாதிரி. ரெண்டு வருஷமா யாரோ ஒருத்தன் காதுல கத்திக்கிட்டே இருந்த குரலை ஆஃப் பண்ணலாமான்னு கேக்கற மாதிரி. எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு. "அடிடா, கணக்கே அதைத்தான் சொல்லுது"ன்னு நோட்டை அவன் கையில குடுத்தேன். அவன் பிடிச்சிருந்தப்போ பேப்பர் நடுங்கினது. அவன் அதைப் பாக்கல, நம்பரைத்தான் பாத்துக்கிட்டிருந்தான்.

போட்டியில முதல் மேட்ச் ஜெயிச்சோம். ரெண்டாவதுல நாலாம் வருஷத்துக்காரங்ககிட்ட அடிவாங்கி வெளிய வந்தோம். கப்பு கிப்பு எல்லாம் கிடையாது, சினிமா இல்ல பாருங்க. ஆனா ரெண்டு மேட்ச்லயும் பி சைட்ல அவன் நின்னான். அவன் ஹெட்ஷாட் சதவீதம் எப்பவும் போல கேவலம்தான். அதை யாரும் பேசவே இல்ல.

அந்த ஹெட்ஷாட் சதவீதத்தைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லியாகணும், ஏன்னா பசங்க அதை ஜாதகம் மாதிரி காட்டிக்கிட்டுத் திரியறாங்க. அது நீங்க சுட்ட புல்லட்ல எத்தனை தலையில பட்டுச்சுன்னு சொல்ற நம்பர் இல்ல. நீங்க வீழ்த்தினவங்கள்ல எத்தனை பேர் தலையில பட்டு விழுந்தாங்கங்கற நம்பர். தவறின புல்லட்டுக்கு அதுல இடமே இல்ல. நூறு புல்லட் வீணாக்கி ஒருத்தனைத் தலையில வீழ்த்தினா உங்க சதவீதம் நூறு! மார்தட்டிக்கலாம்.

இன்னொண்ணு. எச்எல்டிவி தளம் வருஷா வருஷம் உலகத்தோட சிறந்த வீரர்னு பட்டியல் போடும். உக்ரைனைச் சேர்ந்த சிம்பிள் 2018, 2021, 2022-ன்னு மூணு தடவை முதலிடம். அவரோட முக்கிய ஆயுதம் ஏடபிள்யூபி. அதோட அடிப்படை டேமேஜ் 115, கவசத்தைப் பத்தி அது பெருசா கவலைப்படாது. நெஞ்சுல பட்டாலே 112, வயித்துல பட்டா 140. கால்ல பட்டா மட்டும்தான் எதிரி பிழைப்பான். அந்த ஆயுதம் வெச்சிருக்கறவன் எதுக்குத் தலையைத் தேடணும்? அதனால அவரோட ஹெட்ஷாட் சதவீதம் ஏகே ஆடற பெரிய தலைகளை விடக் குறைவுதான். 2024-ல முதலிடம் வந்த ரஷ்யப் பையன் டோங்க் ஏகே, எம்4 மாதிரி ரைஃபிள் ஆடறவர், தலை தலையா வாங்குவார். ரெண்டு பேரும் உலக நம்பர் ஒன். ஹெட்ஷாட் சதவீதம் மட்டும் பாத்திருந்தா ஒருத்தரை டீம்ல இருந்து தூக்கியிருப்போம் :-)

சரி, ஏடபிள்யூபி அவ்வளவு நல்லதுன்னா எல்லாரும் அதையே வாங்கலாமே? ஏகே விலை 2700, இது 4750. ஒரு தடவை சுட்டா அடுத்த புல்லட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை செகண்ட் காத்திருக்கணும். குறி பெருசாகும், ஆனா தவறினா அபராதமும் பெருசாகும். கேம் செஞ்சவங்க சும்மா குடுத்துடல. துல்லியத்துக்கு ஒரு விலை, துல்லியம் இல்லாததுக்கு இன்னொரு விலைன்னு கடை விரிச்சு வெச்சிருக்காங்க. எதை எங்க வாங்கணும்ங்கறது உங்க கையைப் பொறுத்தது.

ஆபீஸ்லயும் இதே மாதிரி புத்திமதி தினமும் கிடைக்குது. சிறந்த ஆளுங்க இப்படித்தான் பண்றாங்க, நீயும் பண்ணுன்னு. அவங்க பண்றது அவங்க சிதறலுக்கு சரி. என் சிதறலை நான்தான் அளக்கணும். இதுக்கு மேல தத்துவம் பேசினா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க, அதனால இதோட நிறுத்திக்கறேன்.

முடிக்கறதுக்கு முன்னாடி வீட்டுப்பாடம். பாட்டை நிறுத்துங்க. தலைக்கு நூறு, நெஞ்சுக்கு நூறு. பக்கத்துல பொய் சொல்லாத ஒரு ஆளை உக்கார வெச்சு எண்ணச் சொல்லுங்க. கூடுதலா கிடைச்ச தலையை நாலால பெருக்குங்க, இழந்த உடம்போட ஒப்பிடுங்க. நின்னு ஆடற பாட்டுக்கே இந்த நம்பர்னா, ஓடற மனுசனுக்கு இன்னும் சிதறும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரு மாசம் பயிற்சி பண்ணிட்டு மறுபடி எண்ணுங்க. நம்பர் தலைப் பக்கம் சாஞ்சிருந்தா குறியை மேல தூக்குங்க. இல்லேன்னா நெஞ்சுலயே இருங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. உங்க நம்பரைப் பின்னூட்டத்துல போட்டா நான் அஞ்சு புல்லட் கணக்கைப் போட்டுத் தர்றேன், இலவசமா.

ஆணி நிறைய கிடக்கு, வரட்டா?

டிஸ்கி: இதுல வர்ற தலை, நெஞ்சு, வயிறு எல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்ச பொம்மைங்களோடது. சைலண்ட்டுகிட்ட கேட்டுட்டுதான் எழுதினேன். "என் நிஜப் பேரைப் போடாதே, யாருக்கும் தெரியாது"ன்னான் படுபாவி.